நிலக்கீழ்த் தளமா, கராஜா, பின்வளவுக் கொட்டிலா: ரொறன்ரோவில் வீட்டுத் தச்சுப் பட்டறைக்கு இடம் தேடுதல்

நான்கடி அகலமும் எட்டடி நீளமும் கொண்ட முக்கால் அங்குலப் பிளைவூட் ஒன்றை எங்கள் வீட்டு நிலக்கீழ்த் தளத்துக்கு முதன்முதலாக இறக்க முயன்ற நாளில், அது படிக்கட்டின் திருப்பத்தில் சுவருக்கும் கூரைக்கும் இடையே இறுகி நின்றுவிட்டது. கீழே நின்ற மைத்துனருக்கு மேலே ஏற வழியில்லை. மேலே நின்ற எனக்குப் பிடியை விட வழியில்லை. ஏறத்தாழ எழுபது இறாத்தல் எடையுள்ள அந்தப் பலகையை ஒருவாறு திரும்ப மேலேற்றி, கராஜ் வாசலில் வைத்து இரண்டாக அறுத்த பின்னரே கீழே கொண்டுபோக முடிந்தது. பட்டறைக்கு இடம் பார்ப்பவர்கள் பெரும்பாலும் தரையின் சதுர அடியைத்தான் அளக்கிறார்கள். நானும் அதையே அளந்திருந்தேன். படிக்கட்டின் திருப்பத்தை அளக்கவில்லை.

ஸ்காபரோவிலும் அதைச் சூழ்ந்த பகுதிகளிலும் 1950களிலும் 1960களிலும் கட்டப்பட்ட தனிவீடு ஒன்றை வைத்திருப்பவருக்குப் பட்டறை போட மூன்று இடங்கள் உண்டு: நிலக்கீழ்த் தளம், கராஜ், பின்வளவில் போடும் கொட்டில். ஊரில் தச்சர் முற்றத்து மர நிழலிலோ கிடுகுக் கொட்டிலிலோ வேலை செய்வார். தூள் காற்றோடு போகும், பலகையை எந்தப் பக்கம் திருப்பினாலும் இடிபடாது. இங்கே ஆண்டில் ஐந்து மாதம் அது நடவாது என்பதால், எந்தக் கூரையின் கீழ் வேலை செய்வது என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. நிலக்கீழ்த் தளத்தை வாடகைக்கு விடுவது நம்மவர் வீடுகளில் வழமை. ஆகவே பட்டறை அங்கே போட்டியிடுவது விளையாட்டறையோடு மட்டுமல்ல, மாதாந்த வருமானத்தோடும்தான். தளத்தின் ஒரு பாதியில் குடியிருப்பவர் இருந்தால், மறுபாதியில் மின் வாள் ஓட்டும் எண்ணத்தை இப்போதே விட்டுவிடுவது நல்லது. அந்த நிலையில் கராஜையும் கொட்டிலையும் மட்டும் ஒப்பிட்டால் போதும்.

ஈரப்பதன்

மூன்று இடங்களையும் பிரித்துக் காட்டும் முதல் அளவுகோல் குளிர் அல்ல, ஈரப்பதன். மரம் தன்னைச் சூழ்ந்த காற்றின் ஈரத்துக்கு ஏற்பத் தன் ஈரத்தைச் சரிசெய்துகொண்டே இருக்கும். காற்றின் சார்பு ஈரப்பதன் 30 சதவீதமாக இருக்கும் அறையில் அது ஏறத்தாழ 6 சதவீத ஈரத்தில் நிற்கும். 70 சதவீதமாக இருக்கும் இடத்தில் 13 சதவீதத்துக்குப் போகும். என் நிலக்கீழ்த் தளத்தில் தொங்கும் சிறிய மானி, ஈரநீக்கி வாங்குவதற்கு முன்பு ஜூலையில் 68 காட்டியது. பெப்ரவரியில், வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் இடைவிடாது ஓடிய வாரத்தில், 26 காட்டியது. தட்டையாக அறுத்த சிவப்பு ஓக் பலகைகளை ஒட்டிச் செய்த 36 அங்குல அகல மேசைத்தட்டு ஒன்றின் ஈரம் நான்கே சதவீதப் புள்ளி மாறினால், அதன் அகலம் ஏறத்தாழ 13 மில்லிமீட்டர் மாறும். அரை அங்குலம் என்பது பலகை மூட்டு ஒன்றைப் பிளக்கவோ, இழுப்பறையை இறுக்கிவிடவோ தாராளமாகப் போதும்.

இப்போது கராஜைப் பாருங்கள். வெப்பமூட்டாத கராஜின் காற்று பனிக்காலத்தில் குளிராக இருந்தாலும், சார்பு ஈரப்பதன் அளவில் உயர்ந்தே இருக்கும். பனி அப்பிய காரை உள்ளே விட்டால் உருகும் நீரும் உப்பும் அதை இன்னும் கூட்டும். அங்கே டிசெம்பரில் செய்து முடித்த பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்து 25 சதவீத ஈரப்பதனில் வைத்தால், அது வாரக்கணக்கில் சுருங்கிக்கொண்டே இருக்கும். நிலக்கீழ்த் தளத்தில் செய்த பெட்டியோ, தான் கடைசியில் வாழப்போகும் அதே வீட்டுக் காற்றிலேயே பிறந்தது. கோடையில் ஓர் ஈரநீக்கி வைத்து, அதன் குழாயைத் தரை வடிகாலில் விட்டு, ஈரப்பதனை 50க்கு அருகில் பிடித்துக்கொண்டால், ஆண்டு முழுவதும் ஏற்ற இறக்கம் பாதியாகக் குறையும். தளபாடம் செய்ய நினைப்பவருக்கு நிலக்கீழ்த் தளம் தரும் மிகப்பெரிய அனுகூலம் இதுவே என்பது என் கணிப்பு. கதகதப்பைப் பற்றிப் பேசுபவர்கள் இதைச் சொல்வது குறைவு.

கதகதப்புக்கும் பெறுமதி இருக்கிறது, மறுப்பதற்கில்லை. வழமையான மஞ்சள் மரப்பசை பொதுவாக 10 பாகை செல்சியசுக்குக் கீழே சரியாகப் பிடிக்காது. காய்ந்த பின் சுண்ணாம்பைப் போல வெளுத்து, தட்டினால் உதிரும். நீர் கலந்த வார்னிஷ் ஒருமுறை உறைந்துவிட்டால் பெரும்பாலும் எறிய வேண்டியதுதான். வசந்தத்தில் வெளியிலிருந்து வரும் ஈரமான இளஞ்சூட்டுக் காற்று, இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த வார்ப்பிரும்பு மேசையில் பட்டதும் பனித்துளியாகப் படிந்து, மறுநாள் செம்மண் நிறத்தில் துருவாகத் தெரியும். இவற்றையெல்லாம் கராஜிலும் தவிர்க்கலாம்: சுவருக்கும் கதவுக்கும் காப்பிட்டு, 240 வோல்ட்டில் ஓடும் 5,000 வாட் வெப்பமூட்டி ஒன்றைப் பொருத்தினால் ஓரளவு சமாளிக்கலாம். அதற்கு 30 அம்பியர் மின்சுற்று வேண்டும், மின்கட்டணமும் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, கார் வெளியில் பனிக்குள் நிற்க வேண்டும். இறுதியில் சொன்னதற்கு வீட்டில் ஒப்புதல் பெறுவது உங்கள் பொறுப்பு.

தூள்

ஈரப்பதனில் வென்ற நிலக்கீழ்த் தளம், தூளில் தோற்கிறது. புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை 1995ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுத் தொகுதியில் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதலாம் பிரிவில் வைத்தது. மூக்கின் உட்குழிகளில் வரும் புற்றுநோய்தான் அதற்கு முக்கிய காரணம். கண்ணுக்குத் தெரிந்து தரையில் விழும் தூள் தும்பால் கூட்டினால் போய்விடும். காற்றில் மணிக்கணக்காக மிதக்கும் நுண்தூளே நுரையீரலுக்குள் போவது. கராஜில் என்றால் கதவை உயர்த்திவிட்டு வேலை செய்யலாம், கோடையில் வாசலிலேயே அறுக்கலாம். நிலக்கீழ்த் தளத்தில் கூரையோரம் ஒன்றிரண்டு சிறிய யன்னல்கள்தான் இருக்கும். அங்கே எழும் தூளை ஃபேர்னஸின் திரும்புகாற்றுக் குழாய் உறிஞ்சி, மேல்மாடிப் படுக்கையறை வரை சீராகப் பங்கிட்டுக் கொடுத்துவிடும்.

யன்னலில் ஒரு வலுவான விசிறியைப் பொருத்தி வெளியே தள்ளிவிடலாமே என்று தோன்றும். இதில்தான் கவனம் வேண்டும். வெளியேற்றும் ஒவ்வொரு கன அடிக் காற்றுக்கும் ஈடான காற்று எங்கிருந்தாவது உள்ளே வர வேண்டும். இறுக்கமாக மூடிய வீட்டில், விசிறியில்லாமல் இயற்கையாகவே புகை மேலெழும் புகைபோக்கியோடு இணைந்த பழைய வகை எரிவாயு நீர்ச்சூடாக்கி இருந்தால், அதன் புகை மேலே போகாமல் கீழே இழுபடக்கூடும். அந்தப் புகையில் காபன் மொனொக்சைட் இருக்கலாம். நிலத்திலிருந்து கசியும், நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய ரேடான் என்ற கதிரியக்க வாயுவும் அதே இழுவையில் கூடுதலாக உள்ளே வரும். ஹெல்த் கனடா குறித்திருக்கும் வழிகாட்டு எல்லை கன மீட்டருக்கு 200 பெக்கரல். நாள் முழுவதையும் கீழே கழிக்கப்போகிறவர், பட்டறை போடுவதற்கு முன் பனிக்காலத்தில் மூன்று மாதம் அளவியை வைத்துப் பார்ப்பது நலம்.

ஆகவே நிலக்கீழ்த் தளத்தில் தூளை வெளியே தள்ளுவதைவிட, பிறக்கும் இடத்திலேயே பிடிப்பதுதான் வழி. கடைகளில் இரண்டு வகைக் கருவிகள் கிடைக்கின்றன. கடை வக்யூம் என்பது குறுகிய குழாயில் பலத்த உறிஞ்சல் தருவது. தேய்ப்பு இயந்திரத்துக்கும், வழிச்சட்டத்தின் மீது ஓடும் வட்ட வாளான ட்ராக் சோவுக்கும் அது பொருத்தம். பெரிய தூள்சேகரிப்பான் நான்கங்குலக் குழாயில் பெருமளவு காற்றை நகர்த்துவது. தகடு மேசையின் நடுவே நீட்டி நிற்கும் மேசை வாளுக்கும், பலகையைச் சீராகச் சீவித் தடிமனைக் குறைக்கும் பிளேனருக்கும் அது வேண்டும். பெரிய சேகரிப்பானோடு வரும் துணிப்பையில் ஒரு சூட்சுமம் உண்டு: 30 மைக்ரோன் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் முப்பது பங்கு) துளையுள்ள பை, பெரிய சீவலைப் பிடித்து வைத்துக்கொண்டு நுண்தூளை அறைக்குள்ளேயே ஊதிவிடும். அத்தகைய பையைக் கராஜில் பொறுத்துக்கொள்ளலாம். நிலக்கீழ்த் தளத்தில் ஒரு மைக்ரோனைவிடப் பெரிய துளையுள்ள வடிகட்டி எதையும் வைக்கக் கூடாது. வக்யூமுக்கு முன்னால், காற்றைச் சுழற்றித் தூளைப் பிரிக்கும் சுழல்பிரிப்பான் ஒன்றை வைத்தால், தூளின் பெரும்பகுதி வாளியிலேயே விழுந்துவிட, வடிகட்டி அடைபடாமல் நீண்ட காலம் உழைக்கும். பட்டறைப் பக்கம் இருக்கும் திரும்புகாற்று வாயை மூடி, ஃபேர்னஸுக்கு ஒரு தடுப்புச் சுவரும் கதவும் வைப்பது அடுத்த செலவு. ஆனால் எரிவாயுக் கருவி எரிவதற்கே காற்று வேண்டும் என்பதால், அதைப் பெட்டியடைத்தாற்போல மூடுமுன் உரிமம் பெற்ற ஒருவரிடம் காட்ட வேண்டும்.

கரைப்பான் கலந்த வார்னிஷையும் லக்கரையும் கீழே பூசவே வேண்டாம். சுடர் எரியும் கருவிக்குப் பத்தடி தூரத்தில் அந்த ஆவியைப் பரப்புவதற்கு எந்தச் சமாதானமும் இல்லை. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பற்றும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நான் அதை வெளியே வேலியில் விரித்துக் காயவிட்ட பிறகே குப்பையில் போடுகிறேன்.

மின்சாரமும் சத்தமும்

இங்குள்ள சாதாரண மின்சுற்று 120 வோல்ட், 15 அம்பியர். அதாவது 1,800 வாட். மேசை வாள் ஒன்று 13 அம்பியர் வரை இழுக்கும். தூள்சேகரிப்பான் பத்துக்கு மேல் இழுக்கும். இரண்டையும் ஒரே சுற்றில் போட்டால் பிறேக்கர் விழும். எனக்கு விழுந்தது, அப்போது விளக்கும் அதே சுற்றில் இருந்தது. கும்மிருட்டில், அறுவை முடியாத பலகை கையிலும், இன்னும் சுழன்றுகொண்டிருக்கும் வாள்தகட்டின் இரைச்சல் முன்னாலும் இருக்க, அசையாமல் நின்ற அந்தப் பத்து வினாடிகள் போதும். விளக்குக்குத் தனிச் சுற்று, வாளுக்குத் தனிச் சுற்று, தூளுக்குத் தனிச் சுற்று என்பதே குறைந்தபட்சம். ஒன்ராறியோவில் வீட்டுக்காரர் தன் வீட்டு மின்வேலையைத் தானே செய்யலாம் என்றாலும், மின்பாதுகாப்பு அதிகாரசபைக்கு முன்னறிவித்துப் பரிசோதனைக்கு உட்பட வேண்டும். மின்பலகை வழமையாக நிலக்கீழ்த் தளத்திலேயே இருப்பதால் அங்கே புதிய சுற்று இழுப்பது மலிவு. கராஜுக்கு இழுப்பது அதைவிடக் கூடுதல். கொட்டிலுக்கு என்றால் நிலத்தைத் தோண்டிக் கம்பி புதைக்க வேண்டும். வீட்டின் மொத்த இணைப்பு 100 அம்பியராக இருந்து, மின்னடுப்பும் உலர்த்தியும் குளிரூட்டியும் ஏற்கெனவே அதில் தொங்கினால், கராஜ் வெப்பமூட்டிக்கு அதில் இடம் இருக்கிறதா என்பதை முதலில் கணக்கிட வேண்டும்.

சத்தத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. விளிம்பையும் பள்ளத்தையும் செதுக்கும் ரவுட்டரும், பிளேனரும் மேலே இருப்பவர்களின் பொறுமையைச் சோதிக்கும். கூரை வளைகளுக்கிடையே கனிமக் கம்பளி அடைத்தால் பேச்சொலி அடங்கும், பிளேனரின் ஓலம் அடங்காது. கராஜில் அதே ஓலம் அயலவருக்குப் போகும்.

எந்த வாளைச் சுற்றிப் பட்டறை?

இடத்தை மட்டும் ஒப்பிட்டு முடிவெடுக்க முடியாது; எந்த இயந்திரத்தை நடுவில் வைக்கிறோம் என்பதும் அதே கேள்வியின் மறுபாதி. வட அமெரிக்கப் பட்டறைகளின் நடுவில் மேசை வாள்தான் அமர்ந்திருக்கும். நேராகவும் வேகமாகவும் அறுப்பதில் அதற்கு நிகரில்லை. ஆனால் எட்டடிப் பலகை ஒன்றை நீளவாக்கில் கிழிக்க வேண்டுமானால் வாளுக்கு முன்னால் எட்டடி, பின்னால் எட்டடி, நடுவில் வாள் என்று பதினெட்டு அடிக்கு மேல் தடையில்லாத நேர்கோடு வேண்டும். பழைய வீடுகளின் நிலக்கீழ்த் தளத்தில், நடு உத்தரத்தைத் தாங்கும் இரும்புத் தூண் ஒன்று அந்தக் கோட்டில்தான் நிற்கும். மூன்று குதிரைவலு உள்ள கபினெற் வகை மேசை வாள் ஐந்நூறு இறாத்தலை எட்டும். கழற்றி, பகுதி பகுதியாகப் படியில் இறக்க வேண்டும், வீடு மாறும்போது அதே வழியில் ஏற்றவும் வேண்டும். கியூபெக் மாகாணத்தின் டிரம்மண்ட்வில்லில் முன்பு செய்யப்பட்ட ஜெனரல் மேசை வாள்கள் பழைய சாமான் விளம்பரங்களில் நல்ல விலைக்கு வரும்போது கை துறுதுறுக்கும். வாங்குமுன் படிக்கட்டை நினையுங்கள். பாதுகாப்பைப் பொறுத்தவரை, விரல் பட்டதும் ஐந்து மில்லிவினாடிக்குள் தகட்டை நிறுத்தும் சோஸ்டொப் போன்ற பொறிமுறை பெருங்காயத்தைத் தடுக்கும். பலகை பின்னோக்கி எறியப்படுவதை அது தடுக்காது. அதற்குத் தகட்டுக்குப் பின்னால் நிற்கும் பிரிகத்திதான் காவல்.

இரண்டு சக்கரங்களில் நாடாபோல ஓடும் தகட்டைக் கொண்ட நாடா வாள் இதற்கு நேரெதிர். இரண்டடிச் சதுரத்தில் நிற்கும். தகடு பலகையைக் கீழ்நோக்கி மேசையில் அழுத்துவதால் அதைத் திருப்பி எறியாது. தூளும் குறைவு, இரைச்சலும் குறைவு. பதினான்கு அங்குல நாடா வாள் ஆறங்குலத் தடிமன் வரை மரத்தைப் பிளந்து பலகையாக்கும். அதன் அறுவை முகம் கரடாக இருக்கும். கைச் சீவுளியால் இரண்டு முறை இழுத்தால் சரியாகிவிடும். சீவுளி போடத் தெரியாதவருக்கு நாடா வாள் ஏமாற்றமாகவே இருக்கும், தெரிந்தவருக்கு மேசை வாளின் தேவை பாதிக்கு மேல் மறைந்துவிடும். சீவுளி தூளை அல்ல, சீவலைத் தருவது; சீவல் மிதப்பதில்லை. பிள்ளைகள் உறங்கிய பின் இரவு பத்து மணிக்கு மேப்பிள் பலகை ஒன்றைச் சீவினால், மேலே யாருக்கும் தெரியாது. ஒட்டாவாவில் 1978இல் தொடங்கிய லீ வலி நிறுவனத்தின் வெறிற்றாஸ் சீவுளிகள் இங்கேயே கிடைப்பது இந்த வழியை விரும்புவோருக்கு வாய்ப்பு. விலை மட்டும் முதற்பார்வையில் நெஞ்சை அடைக்கும்.

ட்ராக் சோ பிளைவூட்டை வெட்டுவதற்கே பிறந்தது. பலகை தரையில் விரித்த நுரைப்பலகையில் கிடக்க, வாள்தான் நகரும். ஆகவே பதினெட்டடி நேர்கோடு தேவையில்லை, பலகையின் அளவும் நடமாட இடமும் போதும். சமையலறை அலுமாரி செய்ய விரும்புவோர் மேசை வாளுக்கு முன் இதைத்தான் பார்க்க வேண்டும்.

கொட்டிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தூளையும் சத்தத்தையும் வீட்டிலிருந்து முற்றாகப் பிரிப்பது அது ஒன்றே. ஒன்ராறியோவில் 15 சதுர மீட்டருக்கு மேற்படாத ஒற்றைத்தளக் கொட்டிலுக்குக் கட்டட அனுமதி வேண்டாம் என்று 2022 முதல் இருக்கும் தளர்வை நம்பிப் பலர் இறங்குகிறார்கள். ஆனால் அந்தத் தளர்வு பொருள் வைக்கும் களஞ்சியத்துக்கு உரியது, பட்டறைக்கு அல்ல. காப்பு, வெப்பம், மின்சாரம் எல்லாம் சேர்ந்தால் கராஜைத் திருத்தும் செலவைத் தாண்டிவிடும். கராஜே இல்லாத வீட்டுக்காரருக்கும், மேலே சொன்னபடி வாடகைக்குக் குடியமர்த்தியவருக்கும் மட்டுமே இதை நான் பரிந்துரைப்பேன்.

நானே தேர்ந்த வழி, வேலையை இரண்டாகப் பிரிப்பது. பிளைவூட்டும் நீண்ட பலகைகளும் கராஜ் வாசலில், ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் இடையில், ட்ராக் சோவின் கீழ் துண்டாகின்றன. தேவையான அளவுக்கு ஓரங்குலம் கூட்டியே வெட்டுகிறேன். அந்தத் துண்டுகள் நிலக்கீழ்த் தளத்துக்கு இறங்கி, இரண்டு வாரம் சுவரோரம், இடையே காற்றுப் போகக் குச்சி வைத்து அடுக்கப்பட்டு, வீட்டுக் காற்றுக்குப் பழகிய பின் நாடா வாளுக்கும் வேலைமேசைக்கும் போகின்றன. பூச்சு வேலை மீண்டும் கராஜில், கோடையில். புதிதாகத் தொடங்குபவரின் பணத்தை நான் செலவழிப்பதென்றால், முதலில் மின்சுற்றும் விளக்கும், அடுத்து ஈரநீக்கி, அதன்பின் வடிகட்டியோடு கூடிய வக்யூம், பிறகே வாள் என்ற வரிசையில் போவேன். தரையில் ஒன்பதங்குலச் சதுர ஓடுகள் பழைய காலத்தவை என்றால் அவற்றில் அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும் என்பதால், பெயர்க்காமல் அவற்றின் மேலேயே ரப்பர் விரிப்பைப் போடுவேன். எந்தப் பெரிய இயந்திரத்துக்கும் பணம் கட்டுமுன், மெல்லிய சட்டங்களால் அதன் நீள அகல உயரத்துக்கு ஒரு கூடு அடித்து, அதைப் படியால் இறக்கிப் பார்ப்பேன். அரை மணி நேர வேலை.

ஒரேயொரு வகை வீட்டில் இந்தக் கணக்கு முழுவதும் மாறும். சரிவான நிலத்தில் கட்டி, நிலக்கீழ்த் தளத்திலிருந்து பின்வளவுக்கு நேராக அகலக் கதவு திறக்கும் வீடாக இருந்தால், படிக்கட்டுச் சிக்கலும் இல்லை, காற்றோட்டச் சிக்கலும் பாதி இல்லை. மேசை வாளைக் கதவுக்கு முகம் பார்க்க நிறுத்தி, நீண்ட பலகையின் நுனியைப் புல்வெளி வரை நீளவிட்டு அறுக்கலாம். அத்தகைய வீட்டில் கராஜைக் காருக்கே விட்டுவிடுங்கள்.